கை கால் இழுத்துக்கிச்சு

108 ஆம்புலன்ஸில் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொற்களை உடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மந்தம். 'கார்டியா' இதயம், 'ப்னியா' மூச்சு. துண்டுகளைத் தெரிந்துகொண்டால் முன்பின் பார்க்காத சொல்லையும் பிரித்துவிடலாம். ஹைப்பரும் ஹைப்போவும் போனில் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் 'சுகர் 48' என்று எண்ணையே சொல்லிவிட வேண்டும். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, இந்த மொழியை ஆஸ்பத்திரி மட்டும்தான் பேசுகிறது. நாங்கள் போகிற வீடுகளில் வேறு மொழி.

அதற்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. 'மயக்கம்' என்று ஒரு சொல். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி ஒரு நிமிஷத்தில் எழுந்தாலும் மயக்கம், தட்டியும் கிள்ளியும் கண் திறக்காமல் கிடந்தாலும் மயக்கம். புத்தகத்தில் முதலாவது வெர்டைகோ, இரண்டாவது சின்கோப், மூன்றாவது கோமாவாக இருக்கலாம். 'இழுப்பு' இன்னும் சிக்கல். ஒரு வீட்டில் அது ஆஸ்துமா, அடுத்த வீட்டில் வலிப்பு. நான் பயப்படுவது 'வாயு பிடிச்சிருக்கு' என்பதற்குத்தான். சோடா குடித்துவிட்டுப் படுத்திருப்பவரின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்.

அதற்காக ஜனங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். 'உதடு நீலம் பாரிச்சுப்போச்சு' என்று ஒரு பாட்டி சொன்னால் அது அப்படியே சயனோசிஸ். அதன் கிரேக்க வேருக்கும் நீலம் என்றுதான் பொருள். 'நெஞ்சைப் போட்டு நெரிக்குது' என்கிறவருக்கு ஆஞ்சைனா என்ற சொல் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் வேரிலும் நெரிப்புதான் இருக்கிறது.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு அழைப்பு. 'கை கால் இழுத்துக்கிச்சு.' கேட்டால் வலிப்பு என்றுதான் தோன்றும். போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணி, இடது கை தூக்கச் சொன்னால் தூக்க முடியாமல், குழறிக்கொண்டு ஒருவர். சுகர் குறைந்தாலும் இப்படி ஆகும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆக, பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது விழுந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து.

"எப்போலேர்ந்தும்மா இப்படி?"

"காலைலேர்ந்துதான் தம்பி."

"கடைசியா நல்லாப் பேசினது எப்போ?"

அந்த அம்மா யோசித்தார். "மொத பஸ்சு போச்சில்ல, அப்போ டீ கேட்டாரு."

முதல் பஸ் 5:40. வாசலில் நின்ற பையன்தான் சொன்னான். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை. பைலட் அண்ணன் வண்டியை நேராக மெடிக்கல் காலேஜுக்கு விட்டார். போகும் வழியிலேயே போனில் சொன்னேன்: 'லெஃப்ட் ஹெமிபிலீஜியா, லாஸ்ட் நோன் வெல் 5:40.' ஒரு குடும்பத்தின் காலைப்பொழுது ஒரு வரியில் அடங்கிவிட்டது. அந்த வரிதான் ஸ்கேன் அறையைத் தயாராக வைத்தது.

வண்டிக்குள் அந்த அம்மா கேட்டார், "என்ன தம்பி ஆச்சு இவருக்கு?" இப்போது எதிர்த்திசையில் மொழிபெயர்க்க வேண்டும். இதற்கு வேர்ச்சொல் எதுவும் உதவாது. "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு மாதிரி தெரியுதும்மா. சீக்கிரமாப் போய்ட்டிருக்கோம்." "பேச்சு திரும்புமா?" "ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் சொல்வாரும்மா." அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் கணவரின் அசையும் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் படிவத்தில் 'முதன்மைப் புகார்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நோயாளியோ வீட்டாரோ சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும் என்பது பாடம். பலர் அங்கேயே மருத்துவச் சொல்லை எழுதி முடித்துவிடுகிறார்கள், நேரம் மிச்சம். நான் எழுதுவதில்லை. 'ஹெமிபிலீஜியா' என்பது என் முடிவு. 'கை கால் இழுத்துக்கிச்சு, மொத பஸ்சு போறப்போ நல்லா இருந்தாரு' என்பது சாட்சியம். என் முடிவு தப்பாகவே இருந்தாலும், அடுத்து பார்க்கிற டாக்டர் அந்தச் சாட்சியத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். சாட்சியத்தை நான் அழித்துவிட்டால் அவருக்குக் கையில் எதுவும் இருக்காது.