கட்ஆஃப் எவ்ளோ மச்சி?

முதல் வருஷம் ஹாஸ்டலில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் கெத்தா "188" என்றேன். ரூம்மேட் மெதுவாக "159" என்றான். அதே காலேஜ், அதே ஈசிஇ. அவன் வந்தது 2021-ல் தொடங்கிய 7.5 சதவீத ஒதுக்கீட்டில். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. ஃபீஸும் அரசே கட்டுகிறது.

"உனக்கென்னடா, கோட்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை.

எம்-1 இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி, ஸ்கூலில் மேத்ஸ் யார் எடுத்தாங்க என்று கேட்டேன். "டிசம்பர் வரைக்கும் ஆளே இல்லடா. கெமிஸ்ட்ரி சார்தான் பாத்துக்கிட்டாரு." எனக்கு ஸ்கூலில் ஒருத்தர், டியூஷனில் ஒருத்தர். என் 188-ல் அப்பா கட்டிய டியூஷன் ஃபீஸ் எத்தனை மார்க்? கணக்குப் போடத் தெரியவில்லை.

இன்னொரு முகமும் நினைவுக்கு வந்தது. எங்கள் தெரு நண்பன், 171. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் 7.5 அவனுக்கு இல்லை. இப்போது கடன் வாங்கிப் படிக்கிறான். அவனுக்கு நடந்ததும் நியாயமில்லைதான். ஆனால் அதற்கு என் ரூம்மேட் சீட்டைப் பிடுங்குவது தீர்வாகாது. கோட்டை அவன் வரைக்கும் நீட்டச் சொல்லலாம்.

"அன்னிக்கு சொன்னதுக்கு சாரிடா" என்றேன்.

"அத விடு. இந்த டபுள் இன்டக்ரல்ல லிமிட் எப்படி மாத்துறது, அத சொல்லு."

விடியும் வரை உட்கார்ந்து போட்டோம். ஜூனியர்களிடம் நான் இப்போது கட்ஆஃப் கேட்பதில்லை.