கடைசி நாளில் மாற்றிய பாடம்

சிறப்புக்கலை விண்ணப்பப் படிவத்தில் முதலில் ‘தமிழ்’ என்றுதான் எழுதியிருந்தேன். கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் அதை வெட்டிவிட்டு ‘அரசியல் விஞ்ஞானம்’ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டு, “லூசாடி நீ? தமிழ்ல நல்ல ரிசல்ட்ட வச்சிக்கிட்டு” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தமிழ் டீச்சர் ஆவதென்று முடிவெடுத்துத்தான் பேராதனைக்கு வந்தேன். எங்கள் டிவிஷனில் எனக்கு முன்னர் கேம்பஸ் போன இரண்டு அக்காமாரும் டீச்சர்கள்தான். அரசியல் விஞ்ஞானத்தை முதல் வருசத்தில் எடுத்ததற்கு ஒரே காரணம் டைம்டேபிள். தமிழோடும் புவியியலோடும் லெக்சர் முட்டாத மூன்றாவது பாடம் அதுதான்.

2019இல், நான் ஓ.எல். எழுதிய வருசம், அப்பாயிக்கு ஒருநாள் இரவு மூச்சு எடுக்க முடியவில்லை. மழையில் லயத்து ரோட்டு சேறும் கல்லுமாகக் கிடந்தது. ஓட்டோக்கார அண்ணன் மெயின் ரோட்டுக்கு மேலே வர முடியாதென்று சொல்லிவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் அப்பாயியைப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து, கீழே வரை தூக்கிக்கொண்டு போனார்கள். நான் முன்னால் டோர்ச் அடித்தேன். அப்பாயி பிழைத்து வந்தார். ஆனால் அந்த ரோட்டில் பிறகு அவர் இறங்கவேயில்லை.

அடுத்த கிழமை அப்பா ஒருநாள் பேரை விட்டுவிட்டு, மனுவோடு பிரதேச சபைக்குப் போனார். “தோட்டத்துக்குள்ள ரோட்டுப் போட எங்களுக்குச் சட்டத்துல இடமில்ல, தொரைகிட்ட கேளுங்க” என்றார்கள். தோட்டத்து ஆபீசில், “ஓட்டு வாங்கினவங்ககிட்ட போய்க் கேளு” என்றார்கள். அப்பா மனுவை மடித்து, பேங்க் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

முதல் வருசக் கடைசியில் உள்ளூராட்சி பற்றிய ஒரு லெக்சர். 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பற்றிச் சேர் சொன்னார். சபைப் பணத்தில் ரோட்டு, கிணறு போன்ற பொது வசதிகளைச் செய்வது பற்றிய பிரிவு அது. தோட்டங்கள் அதற்குள் வரவில்லை. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்குப் போடலாம், சபை அவர்களுக்கு ரோட்டுப் போட முடியாது. இந்த நிலைமையை மாற்ற 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

நான் கொப்பியில் ‘2018’ என்று எழுதினேன். பிறகுதான் உறைத்தது. நாங்கள் அப்பாயியைக் கதிரையில் தூக்கியது 2019இல்.

சட்டம் மாறிய பிறகும் ‘இடமில்ல’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்து சொன்னார்களோ, தெரியாமல் சொன்னார்களோ. அப்பா நம்பினார். எங்கள் லயத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை. அன்றைக்கு லெக்சரின் மிச்சம் எதுவும் என் காதில் ஏறவில்லை.

அம்மாவுக்குக் கோல் எடுத்துப் பாடம் மாற்றியதைச் சொன்னேன். மலையில் நின்றிருக்க வேண்டும், காற்றுச் சத்தம் கேட்டது. “அப்ப டீச்சர் வேல?” என்றார். ஏ.எல்.லுக்கு இந்தப் பாடமும் இருக்கிறது, படிப்பிக்கலாம் என்று சமாளித்தேன். சத்தியமாக, வேலை கிடைக்குமா என்று எனக்கே தெரியாது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் போராடும் அண்ணன் அக்காமாரை நானும்தான் பார்க்கிறேன். தமிழை விட்டது இப்போதும் சில இரவுகளில் வலிக்கிறது.

ஆனால் போன லீவில் அப்பாவும் நானும் மேசையில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரேயொரு கேள்வி: 2018 திருத்தத்துக்குப் பிறகு சபை எந்தெந்தத் தோட்ட ரோட்டுகளுக்கு எவ்வளவு செலவழித்தது? பழைய மனுவையும் பேங்க் புத்தகத்திலிருந்து எடுத்துப் பிரதி இணைத்தோம். அப்பா தன் பெயரில் கையெழுத்துப் போட்டார்.

பதில் வந்தாலும் கொங்கிரீட் வந்துவிடாது. அது அப்பாவுக்கும் தெரியும். தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல 14 வேலை நாட்கள் இருக்கின்றன. இன்று ஒன்பதாவது நாள். நேற்று இரவு அப்பா கோல் எடுத்தார்.

“புள்ள, போயா லீவையும் கணக்குல சேக்கணுமா?”

“இல்லப்பா, வேலை நாள் மட்டும்தான்.”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டார். கலண்டரில் கோடு போட்டு வருகிறாராம், அம்மா சொன்னார்.