யார்மீது ஐயம்?



வானில் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்றில் கொலை நிகழ்கிறது. எவரும் உட்புகவும் இயலாது, வெளியேறவும் இயலாது. உடன் அமர்ந்திருப்போருள் ஒருவரே கொலையாளி! ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1935இல் எழுதிய புதினம் இவ்வாறு தொடங்குகிறது. கொலைக்கருவியெனக் கருதப்பட்ட ஊதுகுழல், துப்பறியும் பொய்ரோவின் இருக்கைக்குப் பின்னேயே அகப்படுகிறது. விசாரணையில் ஜூரிகள் அவரையே குற்றவாளி எனக் கூறத் துணிகின்றனர்!

நம் சேலத்து மண்ணிலும் இத்தகைய மர்மக் கதைகள் படமாக்கப்பட்டன. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்னும் படத்தை வெளியிட்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலே அதற்கு மூலம். அண்மையில் நாங்கள் குடும்பத்தோடு அமர்ந்து அதனைக் கண்டோம். எம். என். நம்பியாரின் முகம் தோன்றியதும் எங்கள் மூத்த சகோதரி, “இவன்தான் வில்லன்!” என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். ஆனால், பல மாறுவேடங்கள் பூண்டு உண்மையைத் தேடும் துப்பறிபவரே அவர்! அதே ஆண்டில், அதே நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’யில் அவர் கொடிய ராஜகுருவாக நடித்திருந்தார். முகம் ஒன்றுதான், பாத்திரங்களோ வேறு.

அனைவரும் நகைத்தோம். அன்னையார் மட்டும் நகைக்கவில்லை. அதன் காரணம் எங்களுக்குத் தெரியும்.

பல்லாண்டுகளுக்கு முன், திருவிழாவுக்கு முந்திய இரவு, அன்னையாரின் சங்கிலி காணாமற் போயிற்று. வீடு நிறைய உறவினர், வாசல் தாழிடப்பட்டிருந்தது. எங்கள் வீடும் அன்று அந்த விமானம் போலவே இருந்தது. உறவினர் எவரையும் நாங்கள் ஐயுறவில்லை. பாத்திரம் துலக்க வந்த பெண்மணியை மட்டும் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னோம். அவர் ஒரு சொல்லும் பேசாமல் உதறிக் காட்டினார். மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, கேழ்வரகுப் பானையின் அடியில் சங்கிலி கிடைத்தது. விருந்தினர் கூட்டத்தில் தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, அன்னையாரே அதனை ஒளித்து வைத்து மறந்திருந்தார்!

அன்று மாலையே அன்னையார் எங்களையும் அழைத்துக்கொண்டு அவர் குடிசைக்கு நடந்தார், மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்மணி எங்களுக்குத் தண்ணீர் தந்து, “கெடச்சிருச்சுங்களாம்மா? சந்தோசமுங்க” என்றார். ஆயினும் மீண்டும் எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை.

சங்கிலி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. திரைப்படத்தில் துப்பறிபவர் தம் கண்ணில் படும் முதல் முகத்தோடு நின்றுவிடுவதில்லை. நாங்களோ ஏழையின் முகத்தோடு நின்றுவிட்டோம்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. அதனைக் கடக்கும்போதெல்லாம் அந்த முந்தானை எங்கள் நினைவில் எழுகிறது. இன்று எங்கள் இல்லத்தில் எப்பொருள் காணாமற் போயினும், அன்னையார் சொல்வது ஒன்றே: “முதலில் நம் பானைகளைத் தேடுங்கள்.”