கப்பலில் வந்த நகரம்

ஒரு நகரம் எவ்வளவு உயரும் என்பதைக் கட்டடக் கலைஞர்கள் தீர்மானிக்கிறார்கள் என்று பொதுவாக நம்புகிறோம். அதில் பாதிதான் உண்மை. எந்தப் பொருள் எந்த விலையில் ஊருக்கு வந்து சேருகிறது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

சிகாகோ நகரில் 1891இல் முடிந்த மோனட்நாக் கட்டடத்துக்கு 16 மாடிகள். எடையைச் செங்கல் சுவரே தாங்கியது. விளைவு, தரைமட்டத்தில் சுவரின் கனம் ஏறத்தாழ ஆறு அடி. இன்னும் மேலே போனால் கீழ்த்தளத்தில் சுவர்தான் இருக்கும், அறை இருக்காது. அதே ஊரில் 1885இலேயே எழுந்துவிட்ட பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், எடையை இரும்பும் எஃகும் கலந்த சட்டகத்தின் தலையில் ஏற்றி வழிகாட்டியிருந்தது. எஃகும் லிஃப்டும் சேர்ந்தன; வானம் திறந்துகொண்டது. நூறாண்டுக்குப் பிறகு கோலாலம்பூரில் 452 மீட்டர் பெட்ரோனாஸ் கோபுரங்களைக் கட்டியவர்கள் எஃகை ஒதுக்கி, உறுதி கூட்டிய கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிமையானது. எஃகை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது. கான்கிரீட் வேலை உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கமானது. 1959இல் திறக்கப்பட்ட சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடியோடு தமிழனுக்கு உயரத்தைக் கற்றுக்கொடுத்ததும் கான்கிரீட்டின் தயவில்தான்.

வானுயர் கோபுரங்களுக்கு மட்டுமான விதி அல்ல இது. நாலைந்து மாடியையே அண்ணாந்து பார்க்கும் என் ஊருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. என் ஊர் போர்ட் பிளேர். 2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சென்னைக்கும் அதற்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். அந்தக் கடலைத் தாண்டி எது வந்ததோ, எது வரவில்லையோ, அதுதான் இந்த ஊரின் முகம்.

முதலில் வந்தது செங்கல். செல்லுலார் சிறையை 1896இல் தொடங்கி 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு சிறகுகள், மூன்று தளங்கள், கிட்டத்தட்ட 700 தனியறைகள். செங்கல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சுற்றிலும் காடு. மரத்துக்குப் பஞ்சமே இல்லாத தீவில் எதற்காகக் கடல் தாண்டிச் செங்கல் கொண்டுவர வேண்டும்? மரத் தடுப்பு வழியே பேச்சு கசியும். ஒருவன் தட்டினால் அடுத்தவனுக்குக் கேட்கும். தனிமையைக் கட்டச் செங்கல்தான் வேண்டியிருந்தது. அந்த நாளைய போர்ட் பிளேரில் குன்றின்மேல் நிமிர்ந்து நின்றது அந்தச் சிறைதான். மற்றதெல்லாம் மரங்களுக்கிடையே பதுங்கியிருந்தன.

1941 ஜூன் நிலநடுக்கம் அந்தச் செங்கல்லையும் ஆட்டிப் பார்த்தது. பிறகு ஜப்பானியர் ஆட்சி. விடுதலைக்குப் பின்னும் இடிப்பு நிற்கவில்லை. ஏழு சிறகுகளில் மூன்றே மிஞ்சின. அவைதான் 1979இல் தேசிய நினைவுச் சின்னமாயின. எதிரே ராஸ் தீவில் ஆங்கிலேயர் எழுப்பிய மாளிகைகளின் செங்கல் சுவர்களை இன்று ஆலமரத்தின் வேர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுவரை வேர் தாங்குகிறதா, வேரைச் சுவர் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது.

ஆட்சி செங்கல்லில் இருந்தது. ஜனங்கள் மரத்தில் இருந்தார்கள். 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலைதான் இந்த ஊரின் உண்மையான சிற்பி. 1942 மார்ச்சில் ஜப்பானிய விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. அந்தப் பள்ளத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஆலை மீண்டும் எழுந்தது. படாக், கர்ஜன் என்று தீவின் மரங்கள் பலகையாகி, சட்டமாகி, தூணாகி ஊருக்குள் வந்தன. என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து 1960களில் கப்பலேறி வந்த தச்சர். ஊரில் வேம்பையும் கருவேலத்தையும் இழைத்துப் பழகியவர், படாக்கை முதன்முதலில் இழைத்தபோது உள்ளிருந்து வந்த சிவப்பைப் பார்த்து, "இதென்ன மரமா, ரத்தினமா?" என்றாராம். அம்மா இதைச் சொல்லாத விருந்தாளி இல்லை.

டெலனிபூரில் சரிவு நிலத்தில் அவர் கட்டிய வீடு அந்தக் காலத்து போர்ட் பிளேர் வீடுகளுக்கு நல்ல உதாரணம். சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை; தூண்களைக் குட்டையும் நெட்டையுமாக நட்டு, மேலே தளத்தை மட்டமாக்கினார். அடியில் காற்றும் கோழிகளும் உலவின. சுவர் பலகை. கூரை நெளிதகரம், நல்ல வாட்டத்தோடு. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் கூரை சரிந்துதான் ஆக வேண்டும். மழை வலுத்தால் வீட்டுக்குள் யாரும் பேச மாட்டோம்; தகரம் பேச விடாது. மரத்தூண் தாங்கும் அளவுக்குத்தான் வீடு உயரும்: தரைக்கு மேல் ஒரு தளம், மிஞ்சினால் இரண்டு. அப்போதெல்லாம் கப்பலில் வந்தால் முதலில் தெரிவது பச்சைக் குன்றுகள். பக்கத்தில் வந்த பிறகுதான், துருவும் சிவப்புச் சாயமும் கலந்த கூரைகள் குன்றின் மடிப்பைப் பின்பற்றி அடுக்கடுக்காக இறங்குவது தெரியும்.

பிறகு சிமென்ட் மூட்டைகள் வந்தன. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் கப்பலாக சிமென்ட்டும் கம்பியும் இறங்கின. மரவீட்டுக்கு நாலு எதிரிகள்: கரையான், ஈரம், தீ, பக்கத்து வீட்டுக்காரரின் கான்கிரீட் தளம். கடைசி எதிரிதான் பலசாலி. மரவீடு ஏழையின் அடையாளமாகவும் மொட்டைமாடி முன்னேற்றத்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டன. அபர்தீன் பஜாரைச் சுற்றி நாலு மாடிகள் எழுந்தன. தகரக் கூரைகளின் இடத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசைகட்டின.

சிமென்ட்டும் கம்பியும் கப்பலில் வரும். மணல்? அதைக் கடற்கரையிலேயே அள்ளினார்கள். தீவில் பெரிய ஆறுகள் இல்லை. ஆற்று மணல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடல் மணலில் உப்பு இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மேல் இயல்பாகவே ஒரு பாதுகாப்புப் படலம் உண்டு. உப்பு அதை அரித்துவிடும். துருப்பிடித்த கம்பி பல மடங்கு பருத்து, தன்னைப் போர்த்தியிருக்கும் கான்கிரீட்டையே பிளக்கும். பதினைந்து வருட வீட்டில் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதை எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். மணலை இழந்த கரை கடலுக்கு இரையானது. ஆமைகள் முட்டையிட வந்து இடமில்லாமல் திரும்பின.

2002 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்கவும், மரம் வெட்டுவதைத் தீவின் சொந்தத் தேவைக்கு மட்டும் என்று சுருக்கவும் உத்தரவிட்டது. காட்டுக்கும் கரைக்கும் அது உயிர்ப்பிச்சை. வீடு கட்டுகிறவனுக்கோ இரண்டு பக்கமும் அடி. மரமும் அருமையாயிற்று, மணலும் அருமையாயிற்று. பாறையை உடைத்து மணலாக்குவதற்குக் குன்றுகளைக் குடைந்தார்கள். மணலும் சிமென்ட் போலக் கப்பலில் வரும் சரக்காகிவிட்டது. சுற்றிலும் கடற்கரை உள்ள ஊருக்கு மணல் இறக்குமதி!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இந்த வாதங்களையெல்லாம் பூமி தன் கையில் எடுத்துக்கொண்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. "வீடு ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு. பலகை ஒவ்வொண்ணும் முனகுச்சு. ஆனா ஒண்ணுகூட விழல" என்று அம்மா சொன்னார். எங்கள் தெருமுனையில் கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு மேலே மூன்று மாடி ஏற்றிய ஒரு வீட்டில் தூண்களின் தலை நசுங்கிக் கம்பி பிதுங்கி நின்றது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நிலநடுக்கம் ஒரு கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடைக்கு ஏற்பக் கூடும். மரவீடு எடை குறைவு; ஆணியடித்த மூட்டுகள் கொஞ்சம் நெகிழ்ந்து, அதிர்வை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட்டும் தாங்கும், ஒழுங்காகக் கட்டினால். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றும் வளையத்தின் முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. பாதி இடங்களில் 90 பாகையோடு விட்டுவிடுவார்கள். மடக்குவது கஷ்டம், மேஸ்திரிக்கு நேரமில்லை. குலுங்கும்போது அந்த வளையம் அவிழ்ந்துகொள்ளும். இந்தத் தீவுகள் முழுவதும் நெடுங்காலமாக நிலநடுக்க அபாய வரைபடத்தின் ஐந்தாம் மண்டலத்தில் இருப்பவை. அந்த 45 பாகை வித்தியாசத்தில்தான் இங்கே உயிர் இருக்கிறது.

மரத்தைப் பற்றி அதிகமாகப் பெருமையடிக்கவும் முடியாது. கார் நிகோபாரில் தூண்கள் மேல் தேன்கூடு போல நின்ற நிகோபாரியர்களின் வட்டக் குடில்கள் நூற்றாண்டுகளாக அதிர்வுகளைத் தாங்கியவை. ஆணி இல்லை, பிரம்புக் கட்டுதான். அன்று அதிர்வுக்குப் பின்னால் வந்த அலைக்கு முன் அவையும் நிற்கவில்லை, கான்கிரீட்டும் நிற்கவில்லை. பிழைத்தவர்களுக்குக் கிடைத்த தற்காலிக வீடுகள் தகரக் கொட்டகைகள். ஓலையின் குளிர்ச்சியில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்த வெக்கையில் ஆண்டுக்கணக்கில் வெந்தார்கள். பிறகு ஏறத்தாழ பத்தாயிரம் நிரந்தர வீடுகள், பெரும்பாலும் கடல் தாண்டி வந்த பொருள்களால் கட்டப்பட்டன. பழுது பார்க்க வேண்டுமென்றாலும் கடல் தாண்டித்தான் பார்க்க வேண்டும். தன் வீட்டைத் தானே கட்டத் தெரிந்த ஒரு சமூகம், நட்டு போல்ட்டுக்குக் கப்பலை எதிர்பார்க்கும் சமூகமானது.

அப்பா போய்விட்டார். டெலனிபூர் வீடு இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு. "தம்பி, நீ சென்னையில உட்கார்ந்துக்கிட்டு மரத்தப் பத்திக் கவிதை சொல்லலாம். நாலு மாடி போட்டா டூரிஸ்ட்டுக்கு எட்டு ரூம் விடலாம். என் பிள்ளைகளுக்கு வேற என்ன இருக்கு?" என்கிறார் அண்ணன். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய பலகைக்கு மாற்றுப் பலகை கிடைப்பது கஷ்டம். மரவீட்டுக்குக் கடன் வாங்குவது அதைவிடக் கஷ்டம். மூன்று வருடம் இழுத்து, ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து, கடைசியில் இரண்டு தளம் என்று ஒப்புக்கொண்டோம். கீழே முறையாகக் கம்பி கட்டிய கான்கிரீட். மேலே லேசான சட்டகமும் தகரக் கூரையும். அப்பா இழைத்த படாக் கதவுகள் அப்படியே. போன நாலு அறைக்கான வாடகையை அண்ணன் இன்றும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

இதற்கிடையே உலகம் சுற்றிக்கொண்டு மரத்துக்கே வந்திருக்கிறது. நார்வேயில் 2019இல் 18 மாடி மரக் கோபுரம் ஒன்று எழுந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022இல் 25 மாடிக் கட்டடம் ஒன்று பெரும்பகுதி மரத்தாலேயே கட்டி முடிக்கப்பட்டது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கனமான தட்டுகளாக்கும் நுட்பம் அது. மரம் பிழைப்பாக இருந்த எங்கள் தீவில் 2023இல் திறந்த புதிய விமான நிலைய முனையமோ சிப்பி வடிவில், உலோகக் கூரையோடு நிற்கிறது. அழகுதான். அந்தச் சிப்பி மட்டும் இந்தக் கடலில் விளைந்ததல்ல.

ஒரு குடும்பத்தின் சண்டை இரண்டு மாடியில் சமாதானமாகிவிடும். கிரேட் நிகோபாரில் வரப்போவதாகச் சொல்லும் துறைமுகமும் நகரமும் அப்படி முடியாது. 2011 கணக்கெடுப்பில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த தீவு அது. திட்ட ஆவணங்கள் அங்கே எதிர்பார்க்கும் மக்கள் தொகை சுமார் 3.5 லட்சம். அதே தீவின் தென்கோடியில் இந்திரா முனை 2004இல் நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடி இன்று தண்ணீரில் நிற்கிறது. அந்த நகரத்துக்கு மணல் எந்தக் கரையிலிருந்து வரும்? ஜல்லி எந்தக் குன்றிலிருந்து வரும்? வளையத்தின் முனையை 135 பாகைக்கு மடக்குகிறார்களா என்று யார் குனிந்து பார்ப்பார்கள்? எத்தனை மாடி என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேட்டாக வேண்டும்.