காவலாளி திரும்பும்வரை

ஒளிந்துகொண்டிருப்பதும் ஒரு காரியம்தான் என்று நம் சினிமா ஒப்புக்கொண்டதில்லை. ஓடுவது, அடிப்பது, அழுவது, பாடுவது எல்லாம் காரியங்கள். ஒருவன் சுவரோடு சுவராக நின்று மூச்சை அடக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் சிப்பாய் எப்போது முகம் திருப்புவான் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது காரியத்துக்கு முந்திய வெற்றிடம். எடிட்டர் கத்தரித்துப் போட வேண்டிய நீளம். வீடியோ விளையாட்டுக்காரர்கள் இந்த வெற்றிடத்தையே எடுத்து ஒரு உருவம் செய்துவிட்டார்கள். அந்த உருவத்தைத் திரும்பவும் சினிமாவாக்கப் போனால் என்ன நேர்கிறது என்று சில மாதங்களாக யோசிக்க வேண்டியிருக்கிறது. காரணம் இலக்கியமல்ல, ஒரு நண்பர்.

சிந்தாதிரிப்பேட்டையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பதினோரு வருஷமாக உதவி டைரக்டர். வயது முப்பத்தெட்டு. மனைவியின் சம்பளத்தில் வீடு நடக்கிறது, பெண் நான்காவது படிக்கிறாள். ஒரு தயாரிப்பாளர் அலுவலகத்தில் கதை கேட்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ‘ஐ.ஜி.ஐ. மாதிரி ஒண்ணு பண்ணணும்டா, நீ கூட உட்காரு’ என்றார். உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் சிலர் ஐ.ஜி.ஐ. என்பதை ஒரு போலீஸ் உத்தியோகம் என்று எண்ணக்கூடும். அது 2000 டிசம்பரில் வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. நார்வேக்காரர்களான இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்தது, ஈடாஸ் வெளியிட்டது. ஜோன்ஸ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் கமாண்டோ தனியாளாகக் கிழக்கு ஐரோப்பிய ராணுவ முகாம்களுக்குள் நுழைந்து வர வேண்டும். பதினான்கு கட்டங்கள். கதை என்று பார்த்தால் இரும்புக்கை மாயாவி படித்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடையாது. திருடு போன அணுகுண்டு, பைத்தியம் பிடித்த வில்லி, காதில் பேசும் ஒரு பெண்குரல். ஆனால் ஒரு விதி இருந்தது. ஒரு கட்டத்தை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி அந்த இடத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள முடியாது. நாற்பது நிமிஷம் ஊர்ந்து போய்க் கடைசி வேலியில் செத்தால் மறுபடியும் முதல் வேலி. அபாய மணி ஒருமுறை அடித்துவிட்டால் பாசறையிலிருந்து சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே மணி அடிக்கக்கூடாது. மணி அடிக்காமலிருக்க, பார்க்கப்படக்கூடாது.

2003-ல் எனக்குப் பதினாலு வயசு. ரிட்சி தெருவில் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற திருட்டு நகல்தான் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்கும் வந்தது. மணிக்கு இருபது ரூபாய். ஒருவன் விளையாட, நாலைந்து பேர் பின்னால் நிற்போம், ஏனென்றால் எல்லோரிடமும் சேர்ந்து இருபது ரூபாய்தான் இருக்கும். இதை ஏழ்மையின் சித்திரமாக இங்கே வைக்கவில்லை. விமர்சன ரீதியாக முக்கியமான ஒரு தகவல் இதில் இருக்கிறது. பின்னால் நின்றவர்கள் விளையாடவில்லை, பார்த்தார்கள். ஜோன்ஸ் ஒரு கண்காணிப்புக் கோபுரத்தின் நிழலில் மூன்று நிமிஷம் அசையாமலிருந்தபோது எங்களில் ஒருவன்கூட வெளியே போகவில்லை. ‘விளையாட்டில் பங்கெடுப்பு இருக்கிறது, சினிமாவில் இல்லை, அதனால் இதைச் சினிமாவாக்க முடியாது’ என்று பொதுவாகச் சொல்லப்படும் வாதத்தை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். கையில் மௌஸ் இல்லாமலே நாங்கள் பங்கெடுத்தோம்.

எப்படி என்றால், எங்களுக்கு அந்த முற்றம் தெரியும். எந்தச் சிப்பாய் எத்தனை அடி நடந்து திரும்புவான், எந்தக் கேமரா எந்த மூலையைப் பார்க்காது, ஏணி எங்கே என்று தெரியும். அதே இடத்தில் நாலு தடவை செத்ததைப் பார்த்திருக்கிறோம். அறிவுதான் பயத்தைக் கொடுத்தது. ஒன்றும் தெரியாதவனுக்கு அந்த மூன்று நிமிஷம் வெறும் சுவர்.

இந்த வகை விளையாட்டு பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. 1981-ல் அமெரிக்காவில் சைலஸ் வார்னர் என்பவர் ‘காசில் வுல்ஃபன்ஸ்டைன்’ என்று ஒன்று எழுதினார். நாஜிகளின் கோட்டைக்குள் சிறைப்பட்ட ஒருவன் மாறுவேஷத்தில் திட்டங்களைத் திருடிக்கொண்டு தப்புவது. அதற்குத் தூண்டுதல் ‘கன்ஸ் ஆஃப் நவரோன்’ படம். ஆக, சினிமாவிலிருந்துதான் விளையாட்டு வந்தது, கடனைத் திருப்பிக் கேட்க சினிமாவுக்கு உரிமை உண்டு. 1987-ல் ஜப்பானில் ஹிதேயோ கோஜிமா ‘மெட்டல் கியர்’ செய்தபோது, கொடுத்த இயந்திரத்தில் ஒரே சமயத்தில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் திரையில் ஓட்ட முடியவில்லை. சண்டை போட வசதி இல்லை, அதனால் ஒளிந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்தார். சாதனத்தின் ஏழ்மையிலிருந்து ஒரு உருவம். யாப்பின் நெருக்கடி கவிஞனுக்குச் செய்யும் உதவி இது. நம்மில் யாப்பை விட்டவர்கள் அதிகம் என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

சினிமாவுக்கு அந்த ஏழ்மை இல்லை. பணம் இருக்கிறது. ‘ஹிட்மேன்’ விளையாட்டின் கொலைகாரன் தலையில் பார்கோடு வைத்த மொட்டை மனிதன். அவனுடைய வித்தை, பரிசாரகன் உடுப்பிலோ தோட்டக்காரன் உடுப்பிலோ கூட்டத்தில் கரைந்துபோவது. 2018-ல் வந்த ‘ஹிட்மேன் 2’ விளையாட்டில் பம்பாய்த் தெருக்களில்கூடக் கரைகிறான். 2007-லும் 2015-லும் இதைப் படமாக எடுத்தார்கள். இரண்டிலும் அவன் கரையவில்லை, இரண்டு கையிலும் துப்பாக்கியோடு சுட்டுக்கொண்டே இருக்கிறான். பெயரையும் மொட்டையையும் எடுத்துக்கொண்டு சாரத்தை விட்டுவிட்டார்கள். ‘ஸ்பிளிண்டர் செல்’ முழுக்க வெளிச்சமும் நிழலும் பற்றிய விளையாட்டு. அதில் டாம் ஹார்டி நடிப்பதாக 2012-லிருந்து பேசினார்கள். படம் வரவில்லை, 2025-ல் கார்ட்டூன் தொடராக வந்தது. ‘மெட்டல் கியர்’ படமும் வருஷக்கணக்காக அறிவிப்பிலேயே கழிந்தது. எடுக்காமல் விட்டதைக்கூட ஒரு வகை நேர்மை என்று எடுத்துக்கொள்ளலாம் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊருக்கு வந்தால் சிக்கல் வேறு. குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அங்கே வரும் ஒற்றன் சந்தேகம் கிளப்பாத தோற்றம் உள்ளவன், பார்த்த கண்ணுக்கு அஞ்சாதவன், துறவி வேஷத்தில் எங்கும் நுழைபவன், என்ன செய்தாலும் வாய் திறக்காதவன். அவனுக்குப் பெயர் இல்லை, புகழ் இல்லை. அவனுடைய சக ஒற்றனுக்குக்கூட அவன் தெரியக்கூடாது. இப்படிப்பட்ட ஒருவனை, பார்க்கப்படுவதற்காகவே இருக்கிற ஒரு நட்சத்திரத்தை வைத்து எடுக்க வேண்டும் என்பதுதான் தமிழ் ஒற்றர் படத்தின் ஆதி முரண்பாடு. விசில் அடிக்கப்பட வேண்டியவன் எப்படி ஒளிவான்? ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) காலத்து ஜெய்சங்கர் இந்தக் கேள்வியால் பாதிக்கப்படவே இல்லை. தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு எல்லோரும் பார்க்க ஒளிந்தார். அதில் ஒரு வெள்ளந்தித்தனம் இருந்தது.

1986-ன் ‘விக்ரம்’, சுஜாதா எழுதி ராஜசேகர் டைரக்ட் செய்தது, கம்ப்யூட்டரையும் ஏவுகணையையும் உள்ளே கொண்டுவந்து பிறகு சலாமியா என்ற ராஜா ராணி நாட்டுக்குப் போய்விட்டது. அந்த வயதில் அதை நான் பார்க்கவில்லை, பிறக்கவே இல்லை. பிற்பாடு பார்த்தபோது ஒரு நல்ல விளையாட்டின் முதல் கட்டத்தை ஆடிவிட்டு, அதற்குப் பிறகு வேறு குறுந்தகட்டைப் போட்டுவிட்டது போலிருந்தது. ‘விஸ்வரூபம்’ (2013) முரண்பாட்டைப் புரிந்துகொண்ட படம். நளினமான நடன ஆசிரியராக இருக்கிற அந்த முதல் பகுதியில் கமல்ஹாசன் தன் நட்சத்திரத்தன்மையையே மாறுவேஷத்தால் மூடுகிறார். கிடங்கில் அந்த வேஷம் கழன்று அடி விழுகிறது. அதே சண்டையை மறுபடி மெதுவாகவும் காட்டுகிறார்கள். தியேட்டர் கொண்டாடியது. என் அபிப்பிராயத்தில் படத்தின் உன்னதம் அதற்கு முந்திய நொடி வரைதான். 2022-ன் ‘விக்ரம்’ இன்னும் துணிச்சலானது. பெரிய நட்சத்திரம் இடைவேளை வரை பெரும்பாலும் இல்லாமலே, மற்றவர்கள் தேடும் ஆளாக இருக்கிறார். லோகேஷ் கனகராஜுக்கு இதற்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனால் பிற்பாதியில் பீரங்கி வந்துவிடுகிறது. பீரங்கி வந்த இடத்தில் ஒளிவதற்கு ஒன்றுமில்லை.

விளையாட்டிலிருந்து தமிழ் சினிமா வேறொன்றை எடுத்துக்கொண்டிருக்கிறது, சாவை. அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) நாயகி விளையாட்டு வடிவமைப்பவள். அவளுக்கு மூன்று உயிர்கள். வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) ஒருவன் செத்துச் செத்து விமானத்தில் விழித்து, ஒரு முதலமைச்சர் கொலையைத் தடுக்கப் பார்க்கும் கதை. செத்ததிலிருந்து கற்றுக்கொள்வது என்ற அநுபவத்தை இவை சரியாகவே பிடித்தன. பார்வையாளனும் கூடவே கற்கிறான். ‘மாநாடு’ ஓடியதற்கு அதுவே காரணம் என்பேன். ஆனால் இரண்டும் திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்கொண்டன, காத்திருப்பதை விட்டுவிட்டன.

காத்திருப்பதை எடுத்த படம் உண்டு. விளையாட்டுகள் பிறப்பதற்கு முன்பே, 1956-ல், ராபர்ட் பிரெஸ்ஸோன் எடுத்தது. லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து ஒருவன் தப்பிக்கிறான். தப்பித்துவிடுவான் என்பதைப் படத்தின் பெயரே சொல்லிவிடுகிறது. கரண்டியின் பிடியால் கதவுப் பலகையைச் சுரண்டுகிறான், துணியைக் கிழித்துக் கயிறு திரிக்கிறான். காவலாளியைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. படிக்கட்டுக் கம்பியில் சாவி உரசும் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். ஐந்தாறு காட்சிகளுக்குள் அந்தச் சத்தத்துக்கு நம் வயிறு இறுகக் கற்றுக்கொள்கிறது. பிரவுசிங் சென்டரில் முதுகுப் பக்கம் நின்றவர்களின் அதே அறிவு, அதே பயம். நண்பருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. ‘இது ஐ.ஜி.ஐ.டா’ என்றார். பிரெஸ்ஸோனைப் பற்றி எழுதப்பட்ட ஆன்மிக வியாக்கியானங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றைவிட இது உபயோகமாக இருந்தது.

எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் உண்டு. பாங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் முகம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. பத்து வருஷமாகக் கையெழுத்தைச் சரிபார்த்துத் தரும் வாடிக்கையாளர், மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது என்னை இடித்துக்கொண்டு போகிறார். வள்ளுவரின் ஒற்றனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் இருக்க முடியாது. தலைக்கு மேல் கேமரா நாள் முழுக்கப் பார்க்கிறது. யாரும் பார்க்காமலிருப்பதும் சதா பார்க்கப்படுவதும் ஒரே நாற்காலியில் சாத்யம் என்பது அந்த விளையாட்டு எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த விஷயம். இந்த நகரத்தில் பெரும்பாலோர் இப்படித்தான் வாழ்கிறார்கள். இதற்கு ஒரு படம் வேண்டும் என்று நான் நினைப்பது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல.

நண்பர் மொபைலில் ஏழு நிமிஷம் மாதிரிக்கு எடுத்தார். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன். 1995-ல் திறந்தது. தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டப்பட்ட கான்கிரீட். நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் ரயில்கள் கடற்கரைக்குப் போகாமல் இங்கேயே நின்று திரும்பியபோதுதான் கொஞ்சம் கூட்டம் பார்த்தது. உள்ளே எடுக்க அநுமதி கிடைக்காதென்று எதிர்மாடியிலிருந்து எடுத்தார். அதுவே நல்லதாயிற்று. தூரத்துப் படிக்கட்டில் ஒரு ஆள், கீழே இன்னொரு ஆள் நடக்கிறான், திரும்புகிறான். கூவத்தின் மேல் இருட்டு விழுகிறது. மேலே இருப்பவன் ஆறு படி இறங்குகிறான். ஏழு நிமிஷத்தில் நடப்பது அவ்வளவே.

தயாரிப்பாளர் அலுவலகத்தில் பார்த்தவர் மரியாதையாகப் பேசினாராம். ‘ஹீரோ எங்கே?’ என்று கேட்டாராம். பிறகு சொன்னது: முதல் ஐந்து நிமிஷத்தில் ஒரு ஃபைட், ஹீரோ யாரென்று காட்டிவிடுங்கள், மீதி உங்கள் இஷ்டம்.

‘அஞ்சு நிமிஷம்தானே, குடுத்துட்டா என்னடா?’ என்றார் நண்பர்.

பத்துப் பேரை அடிப்பவன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், பிறகு ஒரு கிழட்டுக் காவலாளிக்குப் பயந்து அவன் தூணுக்குப் பின்னால் நிற்பது பொய்யாகிவிடும் என்றேன். அந்த ஐந்து நிமிஷம் மீதி இரண்டு மணி நேரத்தையும் தின்றுவிடும்.

‘உனக்கென்ன, ஒண்ணாந் தேதி ஆனா சம்பளம்.’

அது உண்மைதான். அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடிய விமர்சனக் கோட்பாடு எதுவும் என்னிடம் இல்லை. அவர் பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு பிரெஸ்ஸோன் ஜவாப்தாரி அல்ல. இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். அறிமுகக் காட்சி வேண்டும் என்கிறார்கள், சரி, வைப்போம், காவலாளிக்கு வைப்போம் என்றார். அவன் சைக்கிளை எங்கே சாத்துகிறான், சாவிக்கொத்தை எந்தக் கையில் பிடிக்கிறான், எந்த விளக்கு எரியாது என்று அவனுக்குத் தெரியும், எந்த நாய்க்குப் பிஸ்கட் போடுகிறான். ஐந்து நிமிஷத்தில் பார்ப்பவனுக்கு முற்றம் மனப்பாடமாகிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஹீரோ இருட்டில் எங்கே நின்றாலும் தியேட்டருக்குத் தெரியும்.

இப்போது தினமும் ராத்திரி இதை எழுதிக்கொண்டிருக்கிறோம். காவலாளி வேஷத்துக்கு யாரைப் போடுவது என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். இதை நண்பர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார், நான் எப்படியும் எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் இரண்டே காலுக்கும் நடுவில் காவலாளி என்ன செய்கிறான் என்பது மட்டும் பாக்கி. தூங்குகிறான் என்கிறார் நண்பர். அவன் தூங்குகிற ஆள் இல்லை என்கிறேன் நான்.