ஒரு சாண் ஒயர்

எனக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் என் அடுப்படியில் நின்றே சொல்லிவிடுவேன். வீட்டில் இதற்காக எல்லோரும் கேலி செய்வார்கள். போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அந்த மூக்குதான் உதவிக்கு வந்தது.

நான்கு வயதுப் பேரனைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். திருச்சி புத்தூர் நால்ரோடு தாண்டியதும் லேசாக ஒரு நாற்றம். ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டால் வருமே, அந்த மாதிரி. லாரிப் புகையாக இருக்கும் என்று கண்ணாடியை ஏற்றினேன். நாற்றம் அதிகமாயிற்று. அப்போதுதான் என் கால்மாட்டிலிருந்து வெள்ளையாகப் புகை சுருள் சுருளாக மேலே வருவதைப் பார்த்தேன்.

வண்டியை ஓரங்கட்டினேன். சாவியைத் திருப்பி அணைத்தேன். இன்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை! அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் வெலவெலத்துவிட்டது. பின் கதவைத் திறந்து பிள்ளையை வாரி எடுத்து நடைபாதையில் நிறுத்தி, அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கையைப் பிடித்துக் கொடுத்தேன். அதற்குள் எதிரே நின்ற ஆட்டோக்காரத் தம்பி ஓடிவந்தார். "பானெட்டைத் திறங்கம்மா"ன்னு சத்தம் போட்டுக்கொண்டே தன் வண்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வந்து, பேட்டரியின் மைனஸ் பக்க ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தார். அதற்கப்புறம்தான் புகை அடங்கிற்று.

"சாவியை அணைச்சும் எரியுதுன்னா, யாரோ டைரக்ட் குடுத்திருக்காங்கம்மா" என்றார்.

யாரோ இல்லை. நான்தான் கொடுக்கச் சொன்னேன்.

அதைச் சொல்ல வேண்டுமானால் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது 1988-ம் வருஷத்து மாருதி 800. என் மாமனார் வாங்கியது. 1983 டிசம்பரில் இந்த வண்டி முதன்முதல் வெளிவந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2014 ஜனவரியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மாமனார் போன பிறகு விற்க மனசு வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க அலையும்போது மட்டும் என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். ஓட்டுவது நான்தான், ஆகையால் முணுமுணுப்போடு சரி.

அந்தப் புகைக்கு இரண்டு வருஷம் முந்தி, கடைவீதியில் வண்டி திடீரென்று பிணமாகிவிட்டது. ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சத்தம் இல்லை. ஆனால் பேட்டரி புதுசு. பக்கத்திலிருந்த ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். பேட்டரி பக்கத்தில் ஒரு சின்ன ஒயர் போய்விட்டது, அது இப்போது கிடைக்காது, வேறு ஒயர் போட்டு டைரக்ட் செய்துவிடட்டுமா என்று கேட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் இரண்டு பை காய்கறி. "எப்படியாவது ஓடினால் போதும்ப்பா" என்றேன். ஐந்தே நிமிஷம். கேட்டதற்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்து, கெட்டிக்காரப் பிள்ளை என்று வீட்டில் வந்து பாராட்டவும் செய்தேன்.

புகை வந்த அன்று ராத்திரி என் மகள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அம்மா, இனிமே என் பிள்ளையை அந்த வண்டியில ஏத்தாதே." அவள் பேசாமலே இருந்திருந்தால் தேவலை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் கார் ஒயரிங் வேலை செய்யும் ஒரு பாயிடம் போனோம். வயசானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அந்த டைரக்ட் ஒயரைப் பார்த்தார். வீட்டு ஒயரிங்கில் போடுகிற சாதாரண ஒயர்தான் அது. பாய் உச்சுக்கொட்டினார்.

"இந்த இடத்துல இருக்க வேண்டியது ஃபியூசிபிள் லிங்க்குமா. பாக்க ஒயர் மாதிரிதான் இருக்கும், ஆனா ஃபியூஸ். வண்டியோட மொத்தக் கரண்டும் இது வழியாத்தான் போகும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போற தடி கேபிளைத் தவிர."

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். வண்டி பேட்டரி வெறும் 12 வோல்ட்தான், தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் நாம் அதை லேசாக நினைத்துவிடுகிறோம். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி மூன்று நான்கு ஆம்பியர் கரண்ட் இழுக்கும். ஆனால் இந்தப் பேட்டரியின் பிளஸ் ஒயர் எங்காவது தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் முழுவதும் பழுத்துத் தீப்பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் நடுவில் வேண்டுமென்றே ஒரு மெல்லிய துண்டு வைக்கிறார்கள். அது காக்க வேண்டிய ஒயரின் செம்புக் கனத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும். ஆபத்து வந்தால் முதலில் உருகி அறுந்துபோவது அதுதான். மேலே இருக்கும் உறையும் சாதாரண பிளாஸ்டிக் இல்லை. உள்ளே செம்பு உருகினாலும் அது தீப்பிடிக்காமல் கொப்புளித்து நிற்கும்.

பழைய சாமான் டப்பாவைக் கிளறி, எரிந்துபோன ஒரு லிங்க்கை என் கையில் கொடுத்தார். சுட்ட அப்பளத்தைப் போல அங்கங்கே உப்பியிருந்தது. "ரெண்டு பக்கமும் புடிச்சு இழுங்க" என்றார். ரப்பராக நீண்டது. உள்ளே கம்பி இல்லை. வெளியே உப்பாமல் நன்றாகத் தெரிந்தாலும், இழுத்தால் இப்படி நீண்டதென்றால் அறுந்துவிட்டது என்று அர்த்தமாம்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "பாய், இது நம்ம குக்கர் சேஃப்டி வால்வுதானே!" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அதேதான், தோழிகளே. குக்கரில் தண்ணீர் வற்றினாலோ, வெயிட் வைக்கிற குழாயில் பருப்பு அடைத்துக்கொண்டாலோ, மூடியில் இருக்கும் அந்தச் சின்ன வால்வு உருகிக் குக்கரைக் காப்பாற்றும். வால்வு போனால் அதே கம்பெனி வால்வு வாங்கிப் போடுவோமே தவிர, ஓட்டையை நாலணாக் காசு வைத்தா அடைப்போம்? அதோடு, ஏன் போச்சு, தண்ணீர் வைக்க மறந்தோமா, குழாய் அடைத்ததா என்று பார்ப்போம். முப்பது வருஷமாக அடுப்படியில் செய்கிற காரியம் நடுரோட்டில் எனக்குத் தோன்றவில்லை.

'ஏன் போச்சு' என்பதைப் பாய் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கிற இரும்புத் தகட்டில் ஒரு ஓட்டை வழியாக ஒயர்கள் உள்ளே வருகின்றன. அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். எங்கள் வண்டியில் அது காய்ந்து உடைந்து விழுந்திருந்தது. தகட்டு விளிம்பில் ஒயர் உராய்ந்து உராய்ந்து தோல் உரிந்துவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு தடவை தொட்டிருக்கிறது. அன்றைக்கு லிங்க் உயிரை விட்டு வண்டியைக் காப்பாற்றியது. நாங்கள் காரணத்தைத் தேடாமல் காவல்காரனை மட்டும் வேலையை விட்டு நிறுத்திவிட்டோம். இரண்டாம் தடவை தொட்டபோது தடுக்க யாரும் இல்லை.

அந்தச் சின்ன ரப்பர் வளையத்தின் விலை முப்பது ரூபாய்.

முதலில் கருகிய ஒயர்களை வெட்டி எறிந்து புதுசு இழுத்தார். வளையத்தை மாட்டினார். லிங்க்கைக் கடைசியில்தான் தொட்டார். நானும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். "அம்மா, முதல்ல வளையலைக் கழட்டுங்க. செயினை உள்ளே போடுங்க" என்றார். பேட்டரி பிளஸ்ஸுக்கும் வண்டி இரும்புக்கும் நடுவில் ஒரு தங்க வளையல் பட்டால் போதும், வளையல் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைப் பொசுக்கிவிடுமாம். மோதிரமும் அப்படித்தான். நம்மில் யாரும் பானெட்டைத் திறக்கும்போது இதை நினைப்பதே இல்லை.

மைனஸ் ஒயர் முன்பே கழற்றியிருந்தது. எப்போதும் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைத்தான் கடைசியில் மாட்ட வேண்டும். டைரக்ட் ஒயரைப் பிடுங்கி, பச்சையாகக் களிம்பேறியிருந்த முனைகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து அதே அளவு லிங்க் வாங்கிவரப் பையனை அனுப்பியிருந்தார். முதல் கடையில் இல்லை, மூன்றாம் கடையில் கிடைத்தது. 'கிடைக்காது' என்ற சாமான்! நீளம் ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது என்றார், நீளம் கூடினால் வேளைக்கு உருகாதாம். இரண்டு முனையிலும் லக் வைத்து இறுக்கி மாட்டினார்.

வேலை அழகாக இருக்கட்டுமே என்று நான் இன்சுலேஷன் டேப்பை எடுத்து அந்த லிங்க்கைச் சுற்றப் போனேன். பாய் என் கையைத் தட்டாத குறை. "இதைச் சுத்தக்கூடாது, மத்த ஒயரோட சேத்துக் கட்டவும் கூடாது. காத்தாடத் தனியா கிடக்கணும். எரிஞ்சாலும் பக்கத்துல எதையும் சுடாம எரியணும்." வண்டி இருபது வருஷம் தாண்டினால், நன்றாக இருக்கிற லிங்க்கைக்கூட மாற்றிவிடுவது நல்லது என்பது அவர் அபிப்பிராயம். உறை வெடித்து, முனைகள் களிம்பேறி, அதுவே சூடாகத் தொடங்குமாம்.

மொத்தச் செலவில் லிங்க்கின் பங்கு மிகவும் சொற்பம். கருகிய ஒயருக்குத்தான் தண்டம் அழுதேன்.

உபரியாக ஒரு லிங்க்கும், பத்தாம் நம்பர் ஸ்பேனரும் இப்போது டேஷ்போர்டு டப்பாவில் இருக்கின்றன. அந்த ஆட்டோத் தம்பியைத் தேடிப்போய் ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று ரொம்ப நேரம் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். ஆட்டோ பிடிக்கப் போனவள் வாசலில் நின்று, "எங்கே, காட்டு பாக்கலாம்" என்றாள். வளையலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் பானெட்டைத் திறந்து காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பேரன்தான் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "பாட்டி, நாத்தம் வருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.