ஒன்பதாவது கார்டு

டிராஃப்டில் கை தேற வேண்டுமானால் ஓயாமல் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தை பிறந்ததும் பலர் கார்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிடுவதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம். நேரம் இல்லாதவர்களுக்கு இது ஆகாது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. என் மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. வாழ்க்கையிலேயே மிகக் குறைவாக ஆடிய இந்தச் சில வருடங்களில்தான் டிராஃப்டைப் புரிந்துகொண்டு ஆட ஆரம்பித்திருக்கிறேன்.

நான் சொல்வது ‘மேஜிக்: த கேதரிங்’ ஆட்டத்தை. 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதக்காரர். சேர்வியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதலில் அவர் ஒரு பலகை ஆட்டத்தை எடுத்துக்கொண்டுதான் ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ நிறுவனத்தின் பீட்டர் அட்கிசனிடம் போனார். அதைத் தயாரிக்கச் செலவு அதிகம், கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி, கிடைக்கிற இடைவெளியில் ஆடி முடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார் அட்கிசன். ஆட்ட மாநாடுகளில் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருப்பவர்கள் அவர் மனதில் இருந்தார்கள். அப்படிக் கேட்டதற்குப் பிறந்த ஆட்டம் இது. இடைவெளியில் ஆடுவதற்கென்றே பிறந்த ஒன்றை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

டிராஃப்ட் என்பது இதை ஆடும் வகைகளில் ஒன்று. எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஆளுக்கு மூன்று பேக், எதுவும் பிரிக்காதது. முதல் பேக்கைப் பிரித்து ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அதே நேரம் வலப்பக்கத்திலிருந்து ஒரு பேக் நம் கைக்கு வரும். அதிலும் ஒன்று. இப்படியே தீரும்வரை. இரண்டாவது பேக் எதிர்த்திசையில் சுற்றும், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். முன்பெல்லாம் பேக்குக்கு 15 கார்டு, 2024 முதல் 14. சேர்ந்ததை வைத்து 40 கார்டில் ஒரு டெக் கட்டவேண்டும். வழக்கமாக அதில் 17 நிலங்கள், 23 மற்றவை. நிலம்தான் மானா தரும், மானா இருந்தால்தான் மற்ற கார்டுகளை இறக்க முடியும். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறங்கள். டெக்கில் பெரும்பாலும் இரண்டுதான் கொள்ளும்.

விதிகள் இவ்வளவே. கஷ்டம் எங்கே என்றால், எந்த இரண்டு நிறம் என்பதை நாம் மட்டும் தீர்மானிக்க முடியாது. சுற்றியிருக்கும் ஏழு பேரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள், அதுவும் வாய் திறக்காமல். சாயங்காலம் தாமதமாகச் சந்தைக்குப் போகிறவருக்கு, மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்தே காலையில் வந்தவர்கள் எதை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று தெரிந்துவிடும். டிராஃப்டில் கைக்கு வரும் ஒவ்வொரு பேக்கும் அப்படித்தான். நல்ல சிவப்புக் கார்டு ஒன்று ஆறாவது கையாக நம்மிடம் வருகிறது என்றால், நமக்கு முன்னால் அதைப் பார்த்த ஐந்து பேருக்கும் அது தேவைப்படவில்லை. இதை சிக்னல் என்பார்கள். எட்டுப் பேர் மேஜையில் நாம் முதலில் பிரித்த பேக் ஒன்பதாவது தேர்வில் நம்மிடமே திரும்பி வரும். எனக்கு டிராஃப்டிலேயே பிடித்த கணம் அது. ஏழு பேரின் மனமும் அந்த மிச்சத்தில் எழுதியிருக்கும்.

எவ்வளவு ஆடினோம் என்பதற்கும் இதைப் படிக்கத் தெரிவதற்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. டிராஃப்ட் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடக்கும் ஆட்டங்களுக்குத்தான் மணிக்கணக்கு. நிறைய ஆடுகிறவர்கள் ஆட்டங்களை எண்ணுகிறார்கள். நான் தேர்வுகளை எண்ணக் கற்றுக்கொண்டேன். ஒரு டிராஃப்டில் நிஜமாகவே யோசிக்க வேண்டிய தேர்வுகள் நாலைந்து இருந்தால் அதிகம். மற்றவை தாமாகவே முடிவாகிவிடும். அந்த நாலைந்தை மனதில் வைத்துக்கொண்டு பால் புட்டி கழுவலாம், துணி மடிக்கலாம், பூங்காவில் ஊஞ்சல் தள்ளலாம். வேறெதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அசைபோடுவதற்கு ஃபோன்கூட வேண்டாம்.

ஃபோனில் ஆடுவதென்றால் ‘மேஜிக் அரீனா’தான். 2021இல் அது கைபேசிக்கு வந்தது பெற்றோருக்கு உண்மையிலேயே பெரிய உதவி. அதில் இரண்டு விதமான டிராஃப்டை நான் ஆடுகிறேன். ‘குயிக் டிராஃப்ட்’டில் சுற்றியிருக்கும் ஏழும் கணினியே. கடிகாரம் கிடையாது. மூன்றாவது கார்டை எடுத்துவிட்டு, அழும் பிள்ளையைத் தூக்கித் தட்டிக்கொடுத்து, தூங்கவைத்து, ஒரு மணி நேரம் கழித்து வந்தால் நாலாவது பேக் அப்படியே காத்திருக்கும். ‘பிரீமியர் டிராஃப்ட்’டில் ஏழு பேரும் மனிதர்கள். கடிகாரம் உண்டு. ஆனால் எடுத்து முடித்துவிட்டால் ஆட்டங்களை நமக்கு எப்போது முடிகிறதோ அப்போது ஆடலாம். ஏழு வெற்றியோ மூன்று தோல்வியோ, எது முதலில் வருகிறதோ அதுவரை அந்த டெக் நம்முடையது. அதனால் பிள்ளைகள் இரண்டும் தூங்கிய பிறகு டிராஃப்ட், மறுநாள் பகல் தூக்கத்தில் ஓர் ஆட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். என் கணவர் சின்னவனைக் குளிப்பாட்டும் நேரத்தில் இன்னொன்று.

கணினியோடு ஆடுவதால் பயன் இல்லை என்பவர்களோடு நான் பாதிதான் உடன்படுகிறேன். சிக்னல் படிக்க அது உதவாது. கணினியின் ஆசைகள் வேறு, மனிதரின் ஆசைகள் வேறு. ஆனால் புதிதாக வெளிவரும் ஒரு கார்டுத் தொகுப்பின் எண்பது சொச்சம் சாதாரணக் கார்டுகளோடு பழக அதைவிட நல்ல இடம் இல்லை. அரிய கார்டுகளை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். டெக்கின் பெரும்பகுதி சாதாரணக் கார்டுதான், வெற்றியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மார்ஷல் சட்க்ளிஃபும் லூயிஸ் ஸ்காட்-வர்காஸும் பேசும் ‘லிமிடெட் ரிசோர்சஸ்’ பாட்காஸ்டில் ஒரு தொகுப்பின் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பிடுவார்கள். மணிக்கணக்கில் ஓடும். காதில் மாட்டிக்கொண்டு சமையலறையில் கேட்பதற்கென்றே செய்தது போல இருக்கும்.

2024 ஆகஸ்டில் ‘ப்ளூம்பரோ’ தொகுப்பு வந்தது. மனிதரே இல்லாத உலகம். எலி, முயல், தவளை, நீர்நாய், பல்லி, வௌவால், அணில் என்று பத்து வகை விலங்குகள், சட்டை போட்டுக்கொண்டு, கத்தி எடுத்துக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறம். அந்தத் தொகுப்பில் ஆடிய ஒரு டிராஃப்டை நான் இன்னும் யோசிக்கிறேன்.

தூங்க மறுத்த மூத்தவள் என் தோளில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பேக்கில் ‘லும்ரா’ என்ற பச்சைக் கரடி இருந்தது. ஆறு மானா, நிலங்கள் எத்தனையோ அத்தனை பலம். மிக அரிதானது. அதே பேக்கில் இரண்டு பல்லிகள், இரண்டும் சாதாரணக் கார்டு: சிவப்பில் ‘ஸ்டீம்பாத் சார்ஜர்’, கறுப்பில் ‘அகேட்-பிளேட் அசாசின்’. கரடியை எடுத்தேன். அடுத்த ஒன்றிரண்டு தேர்வும் பச்சையே. ஆனால் ஆறாவதாக இன்னொரு சார்ஜர் வந்தது. இரண்டே மானாவுக்கு இறங்கிய உடனே தாக்கும், கூட இரண்டு மானா கொடுத்தால் குட்டியோடு வரும், செத்தாலும் ஒரு சேதம் பண்ணிவிட்டுப் போகும். அந்தத் தொகுப்பின் சிறந்த சாதாரணக் கார்டுகளில் ஒன்று அவ்வளவு தாமதமாக வரக்கூடாது. எடுத்தேன். ஒன்பதாவது தேர்வில் என் முதல் பேக் திரும்பியது. சார்ஜர் போயிருந்தது. அசாசின் அங்கேயே இருந்தது. மேஜையில் ஒருவருக்கும் கறுப்புப் பல்லி வேண்டாம்.

அங்கிருந்து நான் சிவப்பும் கறுப்பும். இரண்டாவது பேக்கில் ‘ஃபயர்கிளாஸ் மென்டர்’ என்ற பல்லி வந்தது, அதன்பின் வந்துகொண்டே இருந்தன பல்லிகள். டெக் கட்டும்போது கரடி வெளியே இருந்தது.

“கரடியை ஏன் விட்டுட்டம்மா?”

“கரடி தனியா வந்துச்சு கண்ணு. பல்லிங்க கூட்டமா வருது பாரு.”

பென் ஸ்டார்க் ‘டிராஃப்டிங் த ஹார்ட் வே’ என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். முதலில் எடுத்த கார்டைக் கட்டிக்கொண்டு அழாமல், எந்த நிறம் திறந்திருக்கிறதோ அங்கே போகச் சொல்கிறது. படித்தபோது புரிந்தது, செய்ய வந்தது வெகுநாள் கழித்து. பிள்ளைகள் வந்த பிறகு எனக்கு அது சுலபமாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் போட்ட திட்டம் பத்து மணிக்குள் மாறிவிடும் வீட்டில், கையில் இருப்பதை விட்டு வந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் பழக்கம் தானாக வருகிறது. முன்பு ஓர் அரிய கார்டை வெளியே வைக்க மனம் வலிக்கும். இப்போது அப்படி இல்லை.

‘17 லேண்ட்ஸ்’ தளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கானவர்களின் அரீனா ஆட்டங்களைச் சேர்த்து, ஒரு கார்டு கைக்கு வந்த ஆட்டங்களில் எத்தனை சதவீதம் வெற்றி என்று கணக்குச் சொல்லும். நேரம் குறைந்தவருக்கு அது வரம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்தே கார்டு எடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அசாசினின் எண், பல்லி டெக்கில் அதை வைத்து ஆடியவர்களின் எண். தவளைகளுக்கு நடுவே அதைச் செருகினால் அந்த எண்ணும் கூட வராது. டிராஃப்டுக்கு முன்னால் அட்டவணையைப் பார்க்கிறேன், டிராஃப்டின்போது மூடிவிடுகிறேன்.

அப்புறம் அதிர்ஷ்டம். 40இல் 17 நிலம் என்றால் முதல் ஏழு கார்டில் இரண்டு முதல் நான்கு நிலம் வருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 80 சதவீதம். ஐந்தில் ஒரு கை சரியாக அமையாது; யாருக்கும் அமையாது. ஜான் ஃபிங்கல், காய் பூடே போன்ற மேதைகளே மேஜிக்கின் தொழில்முறைப் போட்டியான ப்ரோ டூரில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தோற்றவர்கள்தான். ஆகவே ஓர் ஆட்டத்தின் முடிவை வைத்து டிராஃப்டை எடைபோடக் கூடாது. குறைவாக ஆடுகிறவர்கள் இதை மிக உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குக் கிடைத்த ஒரே டிராஃப்டில் மூன்றும் தோற்றுப்போனால் மனம் அவ்வளவு சுலபமாகக் கேட்காது. நான் முடிவைப் பார்ப்பதற்கு முன்பே, டெக் கட்டியதும், தேர்வுகள் சரியா என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

எப்போதாவது வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் பிடித்துக் கடைக்குப் போகிறேன். சிங்கப்பூரில் மேஜிக் கடைகளுக்குக் குறைவில்லை. நிஜ மேஜை, நிஜமான ஏழு முகங்கள், பேக் பிரியும் சத்தம். வலப்பக்கத்து ஆள் ஒரு பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்பதைக்கூட அங்கே படிக்கலாம். அந்த மேஜையில் உட்காரும்போது நான் அதிகம் ஆடாதவள் என்ற எண்ணமே வருவதில்லை. வீட்டில் அசைபோட்ட தேர்வுகளெல்லாம் கூடவே வந்து உட்கார்கின்றன.

இப்போது என் மண்டையைக் குடைவது 17ஆவது நிலம். பல்லி மாதிரி இரண்டு மானாக் கார்டுகள் நிறைந்த வேகமான டெக்குக்கு 16 போதும் என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17 வைத்தால் முதல் கையில் ஒரு நிலமோ அதுவும் இல்லாமலோ வருவது 10.5 சதவீதம், 16 வைத்தால் 13.4. ஐந்தோ அதற்கு மேலோ வந்து குவிவது 10இலிருந்து 7.6 ஆகக் குறைகிறது. சார்ஜர் குட்டியோடு வர நான்கு மானா வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நான் 17 பக்கம்தான் சாய்கிறேன். நாலு மானாவில் செய்ய ஒன்றுமே இல்லாத டெக் அமையும் நாளில் 16க்கு இறங்கிப் பார்ப்பேன்.